அமிலம் மறைத்ததும் நொதி காட்டியதும்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்)



அறக்கட்டளைக் குழுவினர் என்னிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்தார்கள். பேச்சு முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. வேதியியல் படிக்காத நெசவாளர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு பேச வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் மனமுவந்து ஏற்றுக்கொண்டேன். எண்ணிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாமல், முன்வரிசையில் உண்மையாகவே நெசவாளர்கள் அமர்ந்திருப்பதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது.

தாவரப் புரதங்களும் நொதிகளும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். அதில் ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சான்றுகளால் நிறுவப் பார்க்கிறேன். ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்க எந்தக் கருவியை எடுக்கிறோம் என்பதே, அந்தப் பொருளைப் பற்றி நாம் எவ்வளவு அறிய முடியும் என்பதை முடிவு செய்கிறது. முரட்டுக் கருவி சில உண்மைகளைக் காட்டும். வேறு சிலவற்றை அழித்துவிட்டு, அவை இருந்ததே இல்லை என்று நம்பவும் வைக்கும். நொதி தேர்ந்து வெட்டும் கருவி. அது தொட வேண்டியதைத் தொட்டு, மற்றதை விட்டுவிடும். தாவரப் புரத ஆராய்ச்சியின் பெரிய திருப்பங்கள் இந்தத் தேர்ச்சியை மனிதர் புரிந்துகொண்ட இடங்களில்தான் நிகழ்ந்தன. காஞ்சிபுரத்தின் பட்டுக்கும் இது நேரடியாகப் பொருந்தும் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

இதற்கு வழிகாட்டியாக நான் தேர்ந்துகொண்டவர் பேராசிரியர் எம். தாமோதரன். 1930களிலும் 1940களிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாவரப் புரதங்களையும் நொதிகளையும் ஆராய்ந்தவர். உயிர்வேதியியல் மாணவர்களிடையே கூட அவர் பெயரை அறிந்தவர்கள் இன்று குறைவு. அந்தக் குறையைச் சிறிதளவாவது போக்குவதும் இந்தப் பேச்சின் நோக்கம்.

1. அறுபது ஆண்டுகள் நின்ற கேள்வி

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்து அமைந்த பெரிய மூலக்கூறு. உளுந்தில் இருப்பதும் கோதுமையில் இருப்பதும் பட்டுநூலில் இருப்பதும் நம் தசையில் இருப்பதும் இந்த வகைச் சங்கிலிதான். கண்ணிகளின் வரிசையும் விகிதமும் மட்டுமே வேறுபடுகின்றன.

ஒரு புரதத்தில் என்னென்ன கண்ணிகள் இருக்கின்றன என்று அறிய 19ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் கையாண்ட வழி, அதை வலுவான அமிலத்தில் கொதிக்க வைப்பது. நீண்ட நேரம் கொதித்தால் சங்கிலி முழுவதும் அறுந்து தனித்தனி அமினோ அமிலங்கள் கிடைக்கும். ஜெர்மனியின் ரிட்ஹவுசன் 1866இல் கோதுமைப் புரதமான குளூட்டனை இப்படிச் சிதைத்துத்தான் குளுட்டாமிக் அமிலத்தைக் கண்டெடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அஸ்பார்ட்டிக் அமிலமும் தாவரப் புரதங்களிலிருந்து கிடைத்தது. இந்த வழி இன்றும் வழக்கில் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் வைக்கிறோம்.

ஆனால் ஒவ்வொரு முறையும் கொதிகலத்தில் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. அது அம்மோனியா. தாவர விதைகளின் புரதங்களில் இந்த அம்மோனியா நிறையவே வந்தது. எங்கிருந்து வந்தது? 1873இல் ஹலாசிவெட்ஸ், ஹேபர்மான் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். புரதச் சங்கிலியில் அஸ்பார்ட்டிக் அமிலமும் குளுட்டாமிக் அமிலமும் அப்படியே இல்லை. அவற்றில் ஒரு பகுதி அம்மோனியாவைத் தன்னுடன் பிணைத்த வடிவில், அதாவது அமைடுகளாக, இருக்கிறது. அமிலம் அந்தப் பிணைப்பையும் அறுத்துவிடுகிறது என்றார்கள். அஸ்பார்ட்டிக் அமிலத்தின் அமைடு அஸ்பராஜின். அது 1806லேயே பிரான்சில் அஸ்பராகஸ் குருத்தின் சாற்றிலிருந்து வோக்லானும் ரோபிகேயும் பிரித்தெடுத்த பொருள். நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு அந்தச் செடி உறவு. முதன்முதலில் பிரித்தெடுத்த அமினோ அமிலமே அதுதான். குளுட்டாமிக் அமிலத்தின் அமைடான குளுட்டமினை 1873இல் யாரும் கண்டிருக்கவில்லை. அது பீட்ரூட் சாற்றிலிருந்து கிடைத்தது 1883இல்தான்.

விளக்கம் சரியாகவே தோன்றியது. நிரூபிக்கத்தான் வழியில்லை. அமைடு இருந்ததா என்று பார்க்கப் புரதத்தைச் சிதைக்க வேண்டும். சிதைக்கும் அமிலம் முதலில் அமைடைத்தான் அழிக்கும். பழைய பட்டுச் சேலையைச் சரிகைக்காக விலைக்கு வாங்கிப் போகிறவர்களை இந்த ஊர் அறியும். சேலையை எரித்து, மிஞ்சும் வெள்ளியை எடை போடுவார்கள். எத்தனை கிராம் வெள்ளி என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். முந்தானையில் யாளி இருந்ததா அன்னம் இருந்ததா, உடல் என்ன நிறம், கரையை உடலோடு எப்படிக் கோர்வை போட்டு இணைத்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. கொதிகலத்தின் அம்மோனியா அந்த வெள்ளியைப் போன்றது. அளவைச் சொன்னது, அது இருந்த இடத்தைச் சொல்லவில்லை.

2. 1932: இரண்டு கட்டுரைகள்

இந்த முடிச்சை அவிழ்க்க அமிலத்தைக் கைவிட வேண்டியிருந்தது. நம் வயிறும் குடலும் நாள்தோறும் புரதத்தைச் சிதைக்கின்றன. அங்கே கொதிநிலை இல்லை. உடல் வெப்பத்தில், நொதிகளின் துணையால் வேலை நடக்கிறது. அந்த நொதிகள் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிணைப்பை மட்டும் வெட்டுகின்றன. பக்கவாட்டில் தொங்கும் அமைடுப் பிணைப்பை அவை தொடுவதில்லை. ஆகவே அமைடு உண்மையாகவே சங்கிலியில் இருந்தால், நொதிச் சிதைவின் முடிவில் அது முழுசாகக் கைக்கு வர வேண்டும்.

தாமோதரன் இந்தச் சோதனையைச் செய்து முடித்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தாவரப் புரத ஆய்வில் பெயர் பெற்ற ஏ.சி. சிப்னாலுடன் அப்போது அவர் வேலை செய்துகொண்டிருந்தார். எடெஸ்டின் என்பது கஞ்சா இனச் செடியான ஹெம்பின் விதையிலுள்ள சேமிப்புப் புரதம். அதை நொதிகளால் சிதைத்து, அந்தக் கரைசலிலிருந்து அஸ்பராஜினைப் படிகமாகவே பிரித்தெடுத்து 1932இல் வெளியிட்டார். அதே ஆண்டில் தாமோதரன், யாபேக், சிப்னால் மூவரும் கோதுமைப் புரதமான கிளையடினிலிருந்து குளுட்டமினைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இரண்டு கட்டுரைகளும் பயோகெமிக்கல் ஜர்னல் இதழில் வந்தன. 1873இல் ஊகமாக நின்றது, 59 ஆண்டுகள் கழித்து உண்மையாயிற்று.

இதில் இருந்த கடினத்தை மாணவர்கள் உணர வேண்டும். தனித்து நிற்கும் குளுட்டமின் எளிதில் கெடும் பொருள். வெந்நீரில் வைத்தாலே அம்மோனியாவை உதிர்த்துவிட்டு வளைய வடிவமான வேறொரு சேர்மமாக மாறிவிடும். நொதியால் மென்மையாக வெட்டி எடுத்தபின், பிரிக்கும் ஒவ்வொரு படியிலும் அதே மென்மையைக் காக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் அவசரப்பட்டுச் சூடாக்கினாலும் அறுபது ஆண்டுகளாக மற்றவர்களுக்குக் கிடைத்த அதே விடைதான் கிடைத்திருக்கும்.

இந்தக் கண்டுபிடிப்பின் பயன் பெரிது. உயிரினங்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அடிப்படை அமினோ அமிலங்களின் பட்டியலில் அஸ்பராஜினும் குளுட்டமினும் தனித்தனி இடம் பெற்றிருக்கின்றன. மரபுக் குறியீட்டில் இரண்டுக்கும் தனிக் குறிச்சொற்கள் உண்டு. சிப்னால் பின்னர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அங்கே 1943இல் அவர் சொன்னதன் பேரில் பிரெடெரிக் சாங்கர் இன்சுலினை ஆராயத் தொடங்கினார். இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். அவற்றில் 6 அமைடுகள். அமிலத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஆறு இடங்களும் தவறாகவே எழுதப்பட்டிருக்கும். சாங்கரும் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதிகளின் துணையுடன்தான் நீண்ட துண்டுகளைப் பெற்று வரிசையை முடித்தார். 1958இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் காலத்தில் நொதி என்பதே என்ன பொருள் என்ற வழக்கும் முடிந்திருக்கவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் 1926இல் வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கி, நொதியும் ஒரு புரதமே என்றார். பெரிய வேதியியலாளர்கள் ஏற்க மறுத்தார்கள். 1930இல் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிய பிறகே எதிர்ப்புத் தளர்ந்தது. 1946இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். சென்னையிலும் யூரியேஸ் ஆராயப்பட்டது. யூரியாவை அளக்க உதவும் இந்த நொதிக்குப் புதிய மூலங்கள் பற்றித் தாமோதரனும் சிவராமகிருஷ்ணனும் 1937இல் எழுதினார்கள். யூரியேஸ் யூரியாவை மட்டும் பிடித்துச் சிதைக்கும். அதனால்தான் பல பொருள்கள் கலந்த உடல் திரவத்தில் யூரியா எவ்வளவு என்பதை அதைக்கொண்டு அளக்க முடிகிறது.

3. முளைக்குள் நடப்பது

கோயில் பெருவிழாக்களுக்கு முன்பு முளையிடும் சடங்கை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. பாலிகைகளில் மண் நிரப்பி நவதானியம் விதைப்பார்கள். கல்யாண வீட்டிலும் பாலிகை தெளிப்பதுண்டு. ஊர் அம்மன் விழாக்களில் முளைப்பாரியை வெளிச்சம் படாத அறையில் வளர்ப்பார்கள். முளைகள் வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று எழும். அந்த இருட்டறை முளையில் வேதியியல் நோக்கில் ஓர் அரிய நிகழ்வு நடக்கிறது.

விதையின் சேமிப்புப் புரதம் முளைக்கும்போது சிதைந்து அமினோ அமிலங்களாகிறது. வெளிச்சம் இல்லாததால் செடியால் சர்க்கரை தயாரிக்க முடியவில்லை. விதையில் இருந்த சேமிப்பு தீரத் தீர, அமினோ அமிலங்களின் கார்பன் பகுதியை எரித்து உயிர் வாழ்கிறது. மிஞ்சுவது அம்மோனியா, கூடினால் உயிரணுவுக்கு நஞ்சு. நாம் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் கழிக்கிறோம். செடி அப்படிக் கழிப்பதில்லை. மண்ணிலிருந்து அரும்பாடுபட்டுப் பெற வேண்டிய நைட்ரஜனை வெளியே விடவும் அதற்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அதை அமைடாக்கிச் சேர்த்து வைக்கிறது. அஸ்பராஜினில் 4 கார்பனுக்கு 2 நைட்ரஜன். குறைந்த கார்பனைச் செலவிட்டு நிறைய நைட்ரஜனைக் காக்கும் ஏற்பாடு. இருட்டில் வளர்த்த பயறு முளைகளில் அஸ்பராஜின் குவிவதை 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களே கண்டிருந்தார்கள். விலங்குக்கு யூரியா எப்படியோ செடிக்கு அஸ்பராஜின் அப்படி என்று ரஷ்ய அறிஞர் பிரியானிஷ்னிகோவ் விளக்கினார்.

சென்னைக்குத் திரும்பிய தாமோதரன் எடுத்துக்கொண்ட கேள்வி, இந்த வேலையைச் செய்யும் நொதிகள் எவை என்பது. 1938இல் அவரும் கே.ஆர். நாயரும் முளைவிடும் விதைகளிலிருந்து குளுட்டாமிக் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை விவரித்தார்கள். குளுட்டாமிக் அமிலத்திலிருந்து அம்மோனியாவைக் கழற்றுவதும், எதிர்த்திசையில் அம்மோனியாவைப் பொருத்துவதும் இந்த நொதியால் இயலும். தாவரங்களில் அமைடு உருவாகும் விதம் பற்றிய கட்டுரைத் தொடர் ஒன்றும் 1940களில் அவர் குழுவிடமிருந்து வந்தது.

இதன் பிற்கால வரலாறு என் கருத்துக்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. செடி மண்ணிலிருந்து பெறும் நைட்ரஜன் அம்மோனியாவாக மாறியபின் உயிர்ப்பொருளுக்குள் நுழையும் தலைவாயில் இந்த டிஹைட்ரஜனேஸ்தான் என்று நெடுங்காலம் பாடநூல்கள் எழுதின. ஆனால் அந்த நொதி வேலை செய்ய அம்மோனியா மிகுதியாக வேண்டும். உயிரணுவுக்குள் அவ்வளவு அம்மோனியா சேரவிட்டால் ஆபத்து. மிகச் சிறிதளவு அம்மோனியாவையும் தேடிப் பிடிக்கும் வேறொரு நொதி தேவை. 1970இல் பாக்டீரியாவிலும், 1974இல் லீ, மிஃப்லின் இருவரின் ஆய்வால் பச்சைத் தாவரங்களிலும் அந்தப் புதிய வழி தெளிவாயிற்று. குளுட்டமின் சிந்தட்டேஸ் என்ற நொதி அம்மோனியாவை முதலில் குளுட்டமினாக்குகிறது. அதிலிருந்துதான் மற்ற அமினோ அமிலங்களுக்கு நைட்ரஜன் போகிறது. டிஹைட்ரஜனேஸின் பங்கு பெரும்பாலும் எதிர்த்திசையில், அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது. குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லி, குளுட்டமின் சிந்தட்டேஸைத் தடுக்கிறது. உடனே அம்மோனியா தேங்குகிறது, செடி மடிகிறது. அந்த ஒரு நொதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆக, 1938இல் கண்ட நொதிக்குப் பிற்காலம் வேறு இடம் தந்தது. 1932இல் பிரித்தெடுத்த குளுட்டமினோ நாம் உண்ணும் ஒவ்வொரு பருக்கையின் நைட்ரஜனும் கடந்து வரும் முதல் நிலையம் என்று தெரியவந்தது. எந்த நொதி அம்மோனியாவின் எவ்வளவு சிறிய அளவைக்கூட இனங்காணும் என்ற கேள்விதான் இரண்டு நொதிகளையும் பிரித்துக் காட்டியது.

4. பூனைக்காலி விதை

தாமோதரனின் மற்றொரு ஆய்வு, வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியைப் பற்றியது. காயின் மேலுள்ள சுணை பட்டால் அரிப்புத் தாங்காது. சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் விதை அது. 1937இல் தாமோதரனும் ராமசுவாமியும் அந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1913இல் ஐரோப்பாவில் பெரிய அவரை வகை ஒன்றிலிருந்து அது ஏற்கெனவே பெறப்பட்டிருந்தது. டோபா புரதச் சங்கிலியில் சேராமல் விதையில் தனித்து நிற்கும். பூச்சிகள் விதையைத் தின்னாதபடி காப்பது அதன் வேலை என்பதைப் பின்னாளில் கண்டார்கள்.

1950களின் கடைசியில் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், மூளையில் டோபமைன் என்ற பொருளின் பங்கைக் காட்டினார். 2000இல் நோபல் பரிசு பெற்றார். கைநடுக்கமும் விறைப்பும் கொண்ட பார்க்கின்சன் நோயில் டோபமைன் குறைந்துபோகிறது. அதை நேரடியாகக் கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. டோபா நுழையும்; மூளையில் உள்ள நொதி அதை டோபமைனாக்கும். 1967இல் கொட்சியாஸ் அதிக அளவு டோபா கொடுத்து நோயாளிகள் தேறுவதைக் காட்டினார். அவர் முதலில் கொடுத்தது வலக்கை இடக்கை போல ஒன்றுக்கொன்று எதிரான இரு வடிவங்களும் கலந்த டோபா. மூளையின் நொதி எல் வடிவத்தை மட்டுமே ஏற்கும். மற்றது பயன் தராததோடு தீங்குக்கும் இடம் தந்தது. பிறகு எல் வடிவம் மட்டும் மருந்தாயிற்று. பூனைக்காலி விதை அந்த எல் வடிவத்தைத்தான் கட்டி வைத்திருக்கிறது. அதைக் கட்டியதும் தேர்ச்சியுள்ள நொதிகள்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இந்த விதையின் பொடியை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் யாரும் உண்ணக் கூடாது. டோபாவின் அளவு விதைக்கு விதை மாறும். மருந்தாகிற பொருளே அளவு மீறினால் கெடுதல் செய்யும்.

5. முசுக்கொட்டை இலையிலிருந்து காஞ்சித் தறிக்கு

இனி உங்கள் பொருளுக்கு வருகிறேன். பட்டு ஒரு புரதம். அதன் நைட்ரஜன் பெரும்பாலும் முசுக்கொட்டை இலையின் புரதத்திலிருந்து வந்தது. பட்டுப்புழு இலையின் புரதத்தைச் சிதைத்து, அந்தக் கண்ணிகளால் தன் நூலைக் கட்டுகிறது. காஞ்சிச் சேலையை ஒரு செடியின் புரதம் எடுத்த மறுவடிவம் என்று சொல்வது வேதியியல்படி பொருந்தும்.

இந்தப் பயணத்தில் மூன்று இடங்களில் நொதியின் தேர்ச்சியைக் காணலாம்.

முதல் இடம் இலை. முசுக்கொட்டை இலையைக் கிள்ளினால் பால் வடியும். ஜப்பானில் கொன்னோவும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பாலின் தன்மையைக் காட்டியது. அதில் சர்க்கரையைப் போலத் தோற்றம் காட்டும் ஆல்கலாய்டுகள் செறிந்திருக்கின்றன. ஆமணக்கு இலை தின்னும் எரிப் பட்டுப்புழு போன்ற பிற புழுக்கள் முசுக்கொட்டையைத் தின்றால் அந்தப் போலிச் சர்க்கரை அவற்றின் செரிமான நொதிகளை முடக்குகிறது. புழு வளராமல் மடிகிறது. இலையை நறுக்கிப் பாலைக் கழுவிவிட்டுக் கொடுத்தால் தீங்கில்லை. இலையைக் காக்கும் புரதங்களும் அந்தப் பாலில் உண்டு. நம் பட்டுப்புழு மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அதனிடம் சர்க்கரையைச் சிதைக்கும் தனி நொதி ஒன்று இருப்பதை 2008இல் டைமோன் குழுவினர் காட்டினர். அந்த நொதி போலியைக் கண்டு ஏமாறுவதில்லை. அதற்குரிய மரபணு பழங்காலத்தில் பாக்டீரியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. முசுக்கொட்டை இலையை உண்டு பட்டு நூற்க அந்த நொதி புழுவுக்குத் துணை நிற்கிறது.

இரண்டாம் இடம் கூடு. பட்டு இழையில் இரண்டு புரதங்கள். உள்ளே ஃபைப்ராயின்; அதன் மேல் செரிசின் என்ற பசை. கச்சாப் பட்டில் செரிசின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஃபைப்ராயினில் கிளைசின், அலனின், செரின் ஆகிய சிறிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வந்து நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன; வலிமையும் பளபளப்பும் அதிலிருந்து வருகின்றன. செரிசின் நீரை விரும்பும் தளர்ந்த புரதம். கூட்டைக் கிழித்துக்கொண்டு அந்துப்பூச்சி எப்படி வெளியேறுகிறது என்ற கேள்வியை 1960களில் ஹார்வர்டில் கஃபாடோஸும் வில்லியம்ஸும் காட்டுப் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். பூச்சி தன் வாயருகே கொக்கூனேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது பசையைக் கரைக்கிறது; ஃபைப்ராயின் இழையைத் தொடுவதில்லை. இளகிய இழைகளை விலக்கிக்கொண்டு பூச்சி வெளிவருகிறது.

மூன்றாம் இடம் உங்கள் சாயப்பட்டறை. சாயம் ஏறுவதற்கு முன் பசை போக வேண்டும். வழக்கமான முறை, சவுக்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை முக்கி அலசுவது. நூறு கிலோ கச்சா நூல் எழுபத்தைந்து கிலோ அளவுக்கு இறங்கும். இது தலைமுறைகளாகக் கைதேர்ந்த முறை; இதை நான் குறைத்துப் பேச வரவில்லை. சூட்டையும் நேரத்தையும் கைப்பதமாக அறிந்த சாயக்காரரின் திறமையால்தான் காஞ்சிப் பட்டு தன் பெயரைக் காத்துவருகிறது. ஆனால் காரம் தேர்ந்து வெட்டும் கருவி அன்று. பசை தளர்ந்த புரதம் என்பதால் முதலில் கரைகிறது. சூடோ காரமோ நேரமோ மிஞ்சினால் ஃபைப்ராயினும் தேயத் தொடங்கும். கொதிநீருக்கு விறகோ எரிவாயுவோ நிறையச் செலவாகிறது. கரைந்த புரதமும் சவுக்காரமும் காரமும் ஒன்றாகக் கழிவுநீரில் போகின்றன. நீரில் சேரும் புரதத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரின் ஆக்சிஜன் தீர்கிறது. வேகவதி ஆற்றின் நிலையைப் பார்த்துக் கவலைப்படும் இந்த ஊருக்கு அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நொதியால் பசை நீக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றில் தாவர நொதியான பப்பேயினுக்கு இடமுண்டு. பப்பாளிக் காயின் தோலைக் கீறினால் வடியும் பாலிலிருந்து எடுப்பது அது. இறைச்சி சீக்கிரம் வேக வீட்டில் பப்பாளிக்காய் சேர்ப்பதும் அதன் வேலைக்காகத்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.2, கோ.5 ரகங்கள் பப்பேயின் எடுக்கவும் ஏற்றவை. பப்பேயின் 60 டிகிரி அளவிலேயே செரிசினை வெட்டுகிறது. இறுகி அடுக்கப்பட்ட ஃபைப்ராயினுக்குள் அதனால் எளிதில் நுழைய முடிவதில்லை. கழிவுநீரில் காரம் இல்லாவிட்டால் கரைந்த செரிசினை மீட்டெடுப்பதும் எளிதாகும்; அழகுப்பொருள் தயாரிப்பில் அதற்குத் தேவை இருக்கிறது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நொதி விலை கூடியது. இழையிலுள்ள மெழுகையும் எண்ணெயையும் அது நீக்காது; அதற்கு லேசான சவுக்காரம் வேண்டியிருக்கும். வெப்பமும் அமில காரச் சமநிலையும் சரியாக இல்லாவிட்டால் வேலை பாதியில் நிற்கும். நேரம் மிக நீண்டால் ஃபைப்ராயினுக்கும் சேதம் வரலாம். முறுக்கேறிய கனத்த பாவு நூலின் உட்பகுதிக்கு நொதி சீராகச் சென்று சேர்கிறதா என்பதைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். கடையில் வாங்கிவந்து கொப்பரையில் கொட்டினால் போதும் என்று உங்களிடம் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

6. செய்ய வேண்டியவை

இதுவரை சொன்னவற்றிலிருந்து மூன்று கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது மாணவர்களுக்கு. ஆய்வுக்கூடத்தில் ஒரு முறையைத் தொடங்குமுன், இந்த முறை நான் தேடும் பொருளையே அழித்துவிடுமா என்று கேளுங்கள். அறுபது ஆண்டுகள் திறமையான வேதியியலாளர்கள் புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்தார்கள். அவர்களிடம் அறிவுக் குறைவு இல்லை. கருவியை மாற்றியவருக்கு விடை கிடைத்தது. கருவி தரும் எண்ணை எழுதிக்கொள்வதோடு, அந்தக் கருவி எதைக் காட்டாது என்பதையும் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் வர வேண்டும்.

இரண்டாவது ஆசிரியர்களுக்கு. தாமோதரன் சென்னையில் எடுத்துக்கொண்டவை முளைவிட்ட விதையும் பூனைக்காலியும் யூரியேஸ் தரும் மூலங்களும். பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கேள்விகள் உலகத்துக்கு உரியவை. இந்த மாவட்டத்திலும் அவரையும் பப்பாளியும் முசுக்கொட்டையும் கிடைக்கின்றன. பட்ட வகுப்பு மாணவரின் செய்முறைத் தேர்வில், இருட்டிலும் வெளிச்சத்திலும் வளர்த்த பயறு முளைகளின் அஸ்பராஜினை ஒப்பிட்டு அளக்கும் சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம். தாள் நிறப்பிரிகை முறையில் மிகக் குறைந்த செலவில் அதைச் செய்ய முடியும்.

மூன்றாவது கல்லூரிக்கும் தொழிலுக்கும் பொதுவானது. சாயப்பட்டறைகளும் உயிர்வேதியியல் துறையும் சேர்ந்து ஓர் ஆண்டுக்காவது ஒரு கூட்டுச் சோதனையை நடத்த வேண்டும். ஒரே கட்டு நூலில் பாதியைப் பழைய முறையிலும் பாதியை நொதி முறையிலும் பசை நீக்கி, எடை இழப்பு, இழையின் வலிமை, சாயம் ஏறும் சீர், எரிபொருள் செலவு, கழிவுநீர் உறிஞ்சும் ஆக்சிஜன் ஆகிய ஐந்தையும் அளக்க வேண்டும். அளவுகளை ஒளிவின்றி அச்சிட்டு எல்லாப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும். பழைய முறையே மேல் என்று முடிவு வந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். சோதனையில் சாயக்காரரின் பெயர் ஆய்வாளர் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நூல் எப்போது பதம் வந்தது என்பதைக் கையால் அறிகிறவர் அவர். அந்த அறிவு இல்லாத சோதனை எத்தனை கருவிகளை வைத்திருந்தாலும் அரைகுறைதான்.

தாவரப் புரத ஆராய்ச்சியின் வரலாறு நமக்குக் கற்பிப்பது பொறுமையைத் துணைகொண்ட துல்லியம். அதை ஒரு சென்னை ஆய்வுக்கூடம் 1930களில் கைக்கொண்டது; உலகம் அதன் பயனை இன்றும் பெற்றுவருகிறது. கரைக்கும் உடலுக்கும் இடையே ஓர் இழை பிசகாமல் கோர்வை போடும் கைகள் உள்ள ஊரில் அந்தத் துல்லியத்துக்குப் பஞ்சமில்லை. அந்தக் கூட்டுச் சோதனையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். அளவைகளை வகுத்துத் தருவதற்கும் மாணவர்களுக்குப் பயிற்சி தருவதற்கும் நான் வரத் தயாராக இருக்கிறேன்.